‘ஃபிட்ஸ் இருக்கிறவங்களுக்கு இது ஆகாதே’

மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை முழுசாகப் படிக்கிற ஆட்கள் ரொம்பக் குறைவு. நான் படிப்பேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை பார்ப்பது என் வேலை. காலண்டர் சீசனில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறிவிடாமல் பார்த்துப் பார்த்து, சின்ன எழுத்து எங்கே இருந்தாலும் கண் அங்கே போய்விடும். கடையில் மாத்திரை அட்டையை வெட்டித்தான் தருவார்கள், தாள் வராது. கேட்டு வாங்க வேண்டும். மனச்சோர்வுக்காக எனக்கு எஸ்சிட்டாலோபிராம் எழுதிக் கொடுத்த அன்று, கடைக்காரர் என் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு ஃபிட்ஸ் இருக்குல்ல சார்? ஃபிட்ஸ் இருக்கிறவங்களுக்கு இது ஆகாதே" என்றார். நான் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எத்தனையோ இடங்களில் சீட்டைப் பார்க்காமலே மாத்திரையை எடுத்து நீட்டுகிறார்கள். இவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். தாளிலும் அந்த எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது. ஆனால் தாள் சொன்னது இது: வலிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தவிர்க்க வேண்டும், கட்டுக்குள் இருப்பவர்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், வலிப்பு கூடினால் நிறுத்த வேண்டும். மூன்றில் முதல் துண்டு மட்டும்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. "ஏற்கனவே தலைக்கு ரெண்டு மாத்திரை. இதுல மனசுக்கு வேற ஒண்ணா? உடம்பு சூடு தாங்குமாடா?" என்றார் அம்மா. என் மனைவியின் சித்தப்பா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அட்டை ஃப்ரிட்ஜ் மேல், கரண்ட் பில்லுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தது. இப்போது அதெல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் பயத்தைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இன்னும் அடங்கவில்லை. மாத்திரையால் ஃபிட்ஸ் வரலாம் என்பதற்கு வீடே பயந்தது. மாத்திரை போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏன் ஒருவர்கூடப் பயப்படவில்லை?

ஃபிட்ஸ் வந்துச்சா?

எனக்கு வருவது சினிமாவில் காட்டுகிற வலிப்பு இல்லை. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறும். காரணமே இல்லாத ஒரு பயம் வரும். அப்புறம் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் நான் அங்கே இருக்க மாட்டேன். கண் திறந்திருக்கும், வாய் சப்புக்கொட்டும், வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்குமாம். இதெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூளையில் காதுக்கு உட்புறமாக இருக்கும் பொட்டுப் பகுதியில் தொடங்குகிற வகை. எப்போதாவது அது பரவி, கீழே விழுந்து கைகால் இழுக்கும் முழு ஃபிட்ஸாகவும் ஆகும். அப்போது தெருவில் யாராவது என் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அதனால் ஒரு பலனும் இல்லை, தானாக நின்றுவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும் திணிக்கத்தான் செய்கிறார்கள்.

பெண் பார்க்கப் போன அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டோம். நிறையப் பேர் சொல்வதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் திருமணத்துக்கான நிபந்தனைகளில் பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து எழுதி வைத்திருந்தது. அந்தச் சொல்லை 1999இல்தான் எடுத்தார்கள். சட்டத்திலிருந்து போய்விட்டது, மாப்பிள்ளை விசாரிக்கிறவர்களின் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்ப்போம். வாசலில் அரை நாள், உள்ளே நாலைந்து நிமிடம். "ஃபிட்ஸ் வந்துச்சா? மாத்திரை விடாம போடுறீங்களா?" இந்த இரண்டு கேள்விதான். என் மனைவி கணக்கில் கெட்டி. பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே ஃபிட்ஸ் வந்த தேதிகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வருவாள். கார்பமசெபின் மட்டும் போட்டபோது மாதத்துக்கு நாலைந்து வட்டம் இருக்கும். லெவடிராசெட்டம் சேர்த்தார்கள், குறைந்தது. அளவைக் கூட்டினார்கள், இன்னும் குறைந்தது. ஒரு மாதம் வட்டமே இல்லை. டாக்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தார், "சூப்பர், இதையே கன்டினியூ பண்ணுங்க" என்றார். எங்களுக்கும் சந்தோஷம்தான்.

அந்த நாட்களில்தான் நான் உள்ளுக்குள் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். சோகம் என்று சொல்ல முடியாது. அழுகை வந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். முதலில் வந்தது எரிச்சல். மகள் ஸ்கேலைக் காணோம் என்றதற்கு வீடு அதிரக் கத்தினேன். அப்புறம் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு. முழித்ததும் எதற்கென்று தெரியாத ஒரு குற்ற உணர்ச்சி. ஆபீசில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். எழுத்து தெரியும், அர்த்தம் ஏறாது. ஷேவ் செய்வது பெரிய வேலையாக இருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்க வீட்டில் எல்லோரும் கிளம்பினார்கள், நான் கட்டிலைவிட்டு எழவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது: "ஃபிட்ஸ் இருக்கிற மனுஷன். கவலை இருக்கத்தானே செய்யும்?"

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் எனக்குச் சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. கேட்க எவ்வளவு அன்பாக இருக்கிறது! ஆனால் அது சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. காரணம் கிடைத்துவிட்டால் வைத்தியம் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. காலில் ஆணி குத்தியதால்தான் சீழ் வைத்தது என்று தெரிந்தால், அது நியாயமான சீழ் என்று யாரும் விட்டுவைப்பதில்லையே. அதோடு அந்த விளக்கம் பாதிதான் சரி. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்கிறார்கள். கவலையால் மட்டும் அது வருகிறதென்றால், வலிப்பு வந்த பிறகுதான் மனச்சோர்வு வர வேண்டும். ஆனால் தலைகீழாகவும் நடக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இரண்டுக்கும் மூளையில் பொதுவான இடங்கள் உண்டு. மனநிலைக்கும் நினைவுக்கும் வேலை செய்கிற பொட்டுப் பகுதிதான் என் ஃபிட்ஸின் பிறப்பிடமும். துக்கக்காரர்கள் வலிப்புக்காரர்கள் ஆவதும், வலிப்புக்காரர்கள் துக்கக்காரர்கள் ஆவதும் உண்டு என்று கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டஸ் பேரில் ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட செய்தி. எங்கள் ஊருக்கு வர நேரமாகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் படித்தேன். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஆராய்ந்தபோது, மாதத்துக்கு எத்தனை ஃபிட்ஸ் வருகிறது என்பதைவிட மனச்சோர்வு இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதிகம் தீர்மானித்தது. அந்த ஒரு தகவலை வைத்துப் பார்த்தால், "ஃபிட்ஸ் வந்துச்சா?" என்பது முதல் கேள்வியாக இருக்கலாம். ஒரே கேள்வியாக இருக்கக் கூடாது.

ஆறு கேள்வி

எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு மனநல டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார். எஸ்சிட்டாலோபிராம் எழுதினார். சீட்டின் ஓரத்தில் நரம்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும் என்று சேர்த்தார். நரம்பு டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "மனசு விஷயமெல்லாம் அங்கேயே கேட்டுக்குங்க" என்று பதில் வந்தது. இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு பக்கமும் அடுத்தவர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்ற கூச்சம். நடுவில் அட்டை ஃப்ரிட்ஜ் மேல்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது, பெரிய டாக்டருக்கு முன்னால் பயிற்சியில் இருந்த ஒரு லேடி டாக்டர் உட்கார்ந்து கேஸ் எழுதிக்கொண்டிருந்தார். வட்டமே இல்லாத காலண்டரைப் பெருமையாக நீட்டினோம். அவர் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சார், ஒரு ஆறு கேள்வி கேக்குறேன். கடைசி ரெண்டு வாரத்தை மனசுல வச்சுச் சொல்லுங்க" என்றார். எதைச் செய்தாலும் போராடிச் செய்கிற மாதிரி இருக்கிறதா? நான் செய்வது எதுவுமே சரியில்லை என்று தோன்றுகிறதா? குற்ற உணர்ச்சி? செத்துப்போனால் தேவலை என்று நினைப்பு? வெறுப்பும் எரிச்சலும்? எதிலாவது சந்தோஷம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்பதிலிருந்து எப்போதும் என்பது வரை நாலு படி.

நாலாவது கேள்விக்கு "சில நேரம்" என்றேன். பக்கத்தில் என் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள், நிறுத்தினாள். டாக்டர் பதறவில்லை. அதுதான் எனக்குத் தெம்பாக இருந்தது. எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்தீர்களா, வீட்டில் மொத்தமாக எவ்வளவு மாத்திரை இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். அன்றிலிருந்து மாத்திரை டப்பா என் மனைவியின் பொறுப்பு. ராத்திரி நேரத்தில் மனசு மோசமானால் கூப்பிடச் சொல்லி 14416 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தார். டெலி மானஸ் என்று அரசாங்கம் 2022இல் தொடங்கிய மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

அந்த ஆறு கேள்வியைப் பற்றி வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் பார்த்தேன். வலிப்பு உள்ளவர்களுக்கென்றே அமெரிக்காவில் உருவாக்கி 2006இல் வெளியிட்டது. அதன் சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வழக்கமான மனச்சோர்வுப் பட்டியல்களில் தூக்கம், களைப்பு, மறதி எல்லாம் இருக்கும். ஃபிட்ஸ் மாத்திரை போடுகிற எவனுக்கும் அதெல்லாம் இருக்கும். அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டு, மாத்திரை மயக்கத்தோடு குழம்பாத கேள்விகளாகப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். மொத்தம் 24க்கு 15க்கு மேல் போனால் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும். நான் தாராளமாகவே மேலே இருந்தேன். கேட்டு முடிக்க மூன்று நிமிடம் ஆகியிருக்குமா? டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறவர் உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

அப்புறம் அவர் கேட்ட ஏழாவது கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பியது. "எப்போலேருந்து இப்படி இருக்கார்?" என் மனைவியிடம் கேட்டார். "தீபாவளிக்கு முன்னாடியே மேடம். ஆவணி மாசம் எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துல நல்லாத்தான் இருந்தாரு" என்றாள். டாக்டர் என் ஃபைலைப் புரட்டி லெவடிராசெட்டம் அளவைக் கூட்டிய தேதியைக் காட்டினார். ஆவணிக் கடைசி. செல்போன் படத்தில் சிவப்பு வட்டங்கள் குறையத் தொடங்குவதும் அங்கேதான். நாங்கள் மாதக்கணக்கில் ஒரே காலண்டரில் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.

லெவடிராசெட்டத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அது நல்ல மருந்து, லட்சக்கணக்கானவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆனால் பெரியவர்களிடம் நடந்த சோதனைகளில் சுமார் 13 சதவீதம் பேருக்கு எரிச்சல், கோபம், மனத்தொய்வு மாதிரியான மாற்றங்கள் வந்தன. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 6 சதவீதம். பழைய கார்டினால், டோபிராமேட் என்ற ஃபிட்ஸ் மாத்திரைகளுக்கும்கூட மனதைக் கீழே இழுக்கிற குணம் உண்டு. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பதினொரு வலிப்பு மருந்துகளின் 199 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு நாலு பேருக்கும், எடுக்காதவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் சற்று மேலாக இருந்தது என்று எச்சரிக்கை விட்டது. இதைப் படித்துவிட்டு யாராவது ராத்திரியோடு ராத்திரியாக ஃபிட்ஸ் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்கிற வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நான் சொல்ல வந்தது வேறு. மனசு மாத்திரை தலையைக் கெடுக்குமோ என்று வீடே பயந்துகொண்டிருந்தபோது, தலை மாத்திரை மனசை என்ன செய்கிறது என்று கேட்க அந்த லேடி டாக்டர் வர வேண்டியிருந்தது.

எந்த மாத்திரை, எவ்வளவு

பெரிய டாக்டர் வந்தார், இருவரும் எனக்கு விளங்காத இங்கிலீஷில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். மனநல டாக்டரின் நம்பரை வாங்கி எங்கள் முன்னாலேயே அவருக்குப் போன் போட்டார். இத்தனை மாதம் நாங்கள் சுமந்துகொண்டிருந்தது அந்தப் போனில் தீர்ந்தது. எஸ்சிட்டாலோபிராம் ஆரம்பிக்கலாம், 5 மில்லிகிராம். லெவடிராசெட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பதிலுக்கு லாமோட்ரிஜினை ஏற்றலாம். லாமோட்ரிஜின் வலிப்புக்கும் ஆகும், மனநிலைக்கும் கைகொடுக்கும். அமெரிக்காவில் 2003லிருந்து, மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருதுருவ மனநோய்க்கும் அனுமதி பெற்ற மருந்து. ஆனால் அவசரமாக ஏற்றினால் தோலில் கடுமையான கொப்புளம் வரலாம், அதனால் வாரக்கணக்கில் இழுக்கும். "அரிப்பு, தடிப்புன்னு எது வந்தாலும் அன்னைக்கே வரணும்" என்று இரண்டு முறை சொன்னார்.

ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். சோடியம். எதற்கு என்று கேட்டேன். கார்பமசெபின் ரத்தத்தில் உப்பைக் குறைக்கும், எஸ்சிட்டாலோபிராமும் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் இறங்கலாம், ரொம்ப இறங்கினால் அதனாலேயே ஃபிட்ஸ் வரும் என்றார். எனக்கு 133 இருந்தது. 135க்கு மேல் இருக்க வேண்டுமாம். பரவாயில்லை, ஆரம்பித்து இரண்டு வாரத்தில் திரும்பப் பார்க்கலாம் என்றார். கடைக்காரர் சொன்ன ‘ஆகாது’க்குள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை இதுபோன்ற விஷயங்கள்தான். ஃபுளுவாக்சடின் மாதிரிச் சில மனச்சோர்வு மருந்துகள் ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகிய ஃபிட்ஸ் மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தலை சுற்றும், தள்ளாடும். மறுபக்கம், கார்பமசெபின், ஃபெனிடாயின், கார்டினால் மூன்றும் கல்லீரலை முடுக்கிவிட்டு, பல மனச்சோர்வு மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும். போட்டும் பலனில்லை என்று தோன்றும். சரிபார்க்க ஆள் இருந்தால் இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஒன்றுமில்லாமல் வரவில்லை. பழைய தலைமுறை மனச்சோர்வு மருந்துகளில் குளோமிப்ரமின், மாப்ரோட்டிலின் இரண்டும் வலிப்பைக் கிளப்பக் கூடியவை என்று பேர் வாங்கியவை. புப்ரோப்பியான் கதை இன்னும் பிரசித்தம். அமெரிக்காவில் 1985இல் அனுமதி கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அளவுக்கு மீறிச் சாப்பிட்டு வாந்தியெடுக்கிற மனநலக் கோளாறு இருந்த நோயாளிகள் சிலருக்கு வலிப்பு வந்ததால் விற்பனையை நிறுத்தினார்கள். அளவைக் குறைத்து, ஒரு நாளைக்கு 450 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டி 1989இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வரம்புக்குள் ஆயிரத்தில் நாலு பேருக்கு வலிப்பு. 600க்குப் போனால் ஏறக்குறைய பத்து மடங்கு. இன்றைக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. நம் ஊரில் சிகரெட்டை விடுவதற்கும் அதை எழுதுவார்கள் என்பதால், ஃபிட்ஸ் இருப்பவர்கள் அங்கேயும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஆக, சில மருந்துகள், சில அளவுகள். அதிலும் பாதி கதை அளவுக்கு மேல் விழுங்கியவர்களின் கதை. அந்தச் சிலவற்றின் கெட்ட பேர் எல்லா மனச்சோர்வு மாத்திரைகளின் மேலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மனச்சோர்வு மருந்துகள் உள்பட மனநல மருந்துகளுக்கான பெரிய சோதனைகளின் கோப்புகளை ஒரு குழு புரட்டி 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. 1985 முதல் 2004 வரை நடந்தவை, 75,000 பேருக்கு மேல். அதில் ஒரு கணக்கைப் படித்துவிட்டு ராத்திரி என் மனைவியை எழுப்பிச் சொன்னேன். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட மனச்சோர்வு நோயாளிகளுக்கு, பொதுஜனங்களுக்கு வருவதைவிட ஏறக்குறைய 19 மடங்கு வலிப்பு வந்திருந்தது. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அதில் பாதிதான். குளோமிப்ரமினும் அந்தக் காலத்துப் புப்ரோப்பியானும் விதிவிலக்கு. "அப்படின்னா மாத்திரை போடாததுதான் ஃபிட்ஸா?" என்றாள் தூக்கக் கலக்கத்தில். அப்படியே அடித்துச் சொல்லிவிட முடியாது. அந்தச் சோதனைகள் எங்களைப் போல ஏற்கனவே வலிப்பு இருப்பவர்களுக்காக நடத்தியவை அல்ல. எங்களுக்கென்றே நடந்தவை கொஞ்சம்தான். அதில் ஒன்று 2019இல் வந்தது: வலிப்பும் மனச்சோர்வும் உள்ள 140 பேரில் ஒரு பாதிக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மறு பாதிக்குப் பேச்சு முறைச் சிகிச்சை, பதினாறு வாரம். இரண்டு பக்கமும் பாதிக்குச் சற்று மேல் தேறினார்கள். செர்ட்ராலின் பக்கம் வலிப்பு கூடிவிடவில்லை. உலக வலிப்பு மருத்துவர் அமைப்பும் 2022இல் தந்த பரிந்துரையில், மனச்சோர்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் இருக்கிற அந்த வகையைத்தான் முதல் மருந்தாகச் சொல்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஃபிட்ஸ்

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் குமட்டல், கொஞ்சம் படபடப்பு. அப்புறம் ஒருநாள் ஃபிட்ஸ் வந்தது, அதுவும் முழு ஃபிட்ஸ். ராஜபாளையத்தில் ஒரு கேதத்துக்குப் போய்விட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் திரும்பியிருந்தேன். பல் துலக்கப் போன இடத்தில் விழுந்தேன். நெற்றியில் இரண்டு தையல்.

சித்தப்பாவின் போன் வர மதியம்கூட ஆகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படித்தான் நிறைய வீடுகளில் அந்த மாத்திரை நின்றுபோகிறது என்று நினைக்கிறேன். ஃபிட்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியும், தையல் போட வைக்கும், தேதியோடு காலண்டரில் ஏறும். மனசு தேறுவது அப்படி ஒரு தேதியில் நடப்பதில்லை. என் மனைவி மட்டும் காலண்டரோடு மனநல டாக்டருக்குப் போன் போட்டாள். லெவடிராசெட்டத்தை இறக்கிக்கொண்டிருக்கிறோம், லாமோட்ரிஜின் இன்னும் முழு அளவுக்கு வரவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, இதற்கு முன்பும் தூக்கம் கெட்ட நாட்களில் வந்திருக்கிறது. புது மாத்திரையைத் தனியாகக் குற்றவாளியாக்க இதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டாராம். சோடியம் மட்டும் திரும்பப் பார்க்கச் சொன்னார். 132. இறக்குகிற வேகத்தைக் குறைத்தார்கள், மாத்திரையை நிறுத்தவில்லை.

அதன் பிறகு என்ன ஆனது என்று அழகாகச் சொல்ல எனக்கு ஒரு நாள் இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோவில் கூட்டத்தில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றபோது, அவள் கனம் தோளில் வலித்தது, இறக்கிவிட வேண்டும் என்று தோன்றவில்லை. விடியற்காலை முழிப்பு வாரத்தில் ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஆபீசில் ஒரு சுவாமி படக் காலண்டரில் அமாவாசை ஒரு நாள் தள்ளிப் போயிருந்ததைப் பிடித்தேன். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். எஸ்சிட்டாலோபிராம் செய்த வேலையா, லெவடிராசெட்டம் விலகியதாலா என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ததால் டாக்டர்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதில் குறையும் இல்லை. சிவப்பு வட்டம் இப்போது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கிறது, வட்டமே இல்லாத அந்த மாதத்தைவிட அதிகம்தான். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் யோசிக்காமல் இந்த மாதங்களைத்தான் கேட்பேன். அந்தக் கணக்கைப் பெரிய டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் கவலையாகப் பார்க்கிறார். அவர் நிலையில் அது நியாயம்.

பேச்சு முறைச் சிகிச்சையும் மாத்திரை அளவுக்குப் பலன் தந்தது என்று அந்த 140 பேர் ஆராய்ச்சி சொல்கிறதே, அதை ஏன் முதலில் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லி என்ன செய்ய, இங்கே யார் இருக்கிறார்கள் என்று மனநல டாக்டரே சிரித்தார். மதுரையில் ஒருவரிடம் சில முறை போனேன். பிரயோஜனமாகத்தான் இருந்தது. லீவும் பஸ் செலவும் அவர் ஃபீஸும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டேன். மாத்திரையோ மாதத்துக்கு ஒரு சினிமா டிக்கெட் காசில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு மாத்திரை முக்கியமாகிறது, அதனால்தான் அதைச் சுற்றியுள்ள பயத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

இப்போதைய பிரச்சினை எப்போது நிறுத்துவது என்பது. முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால் முழுசாகத் தேறிய பிறகு குறைந்தது ஆறு மாதம், முன்பே வந்திருந்தால் ஒன்பது மாதம் என்கிறது உலக வலிப்பு மருத்துவர் அமைப்பின் அந்தப் பரிந்துரை. இதுதான் முதல் தடவை என்று நான் சொல்கிறேன். கல்யாணமான இரண்டாம் வருஷமும் இப்படித்தான் ஒரு சீசன் முழுக்க இருந்தீர்கள், அப்போது யாரும் பேர் வைக்கவில்லை என்கிறாள் என் மனைவி. அடுத்த மாதம் இரண்டு ஃபைலையும் எடுத்துக்கொண்டு போகிறோம். அவள் சொல்வதைத்தான் டாக்டர் எழுதிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.